மூன்று இருபத்தைந்துக்குப் போகும் நெட்

ஜூலை 22, திங்கள்

புகார் எண்ணில் பேசிய பெண், "எந்தெந்த நேரத்துக்குக் கட் ஆகுதுன்னு தேதி போட்டுக் குறிச்சு வைங்க மேடம், அப்பத்தான் ஆளனுப்ப முடியும்" என்றாள். அதற்காகத்தான் இந்த நோட்டு. என் மகள் பள்ளிக்கூடத்தில் பாதி எழுதிவிட்டுப் போட்டது. முதல் பத்துப் பக்கங்களில் தவளையின் உள்ளுறுப்புகள். அவள் இப்போது சென்னையில் விடுதியில் இருக்கிறாள், தவளைகளை மறந்துவிட்டாள்.

இன்று 3.25க்குப் போனது. 3.50க்கு வந்தது.

சிங்கப்பூரில் நான்கு பிள்ளைகள். அவர்களுக்கு மாலை ஐந்தரை, எனக்கு மதியம் மூன்று. ஞாயிறு தவிர தினம் ஒரு மணி நேரம் கணக்கு. லேப்டாப்பில் நான்கு சின்ன முகங்கள் தெரியும். நாற்பத்தைந்து வயதில் கிடைத்த முதல் சம்பளம், அதுவும் மூன்று மாதம் தகுதி பார்த்த பிறகுதான் நிரந்தரம். இன்று பின்னத்தின் நடுவில் நான்கு முகங்களும் அப்படியே உறைந்தன. ஒரு பெண் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டாள். "கேக்குதா? நான் பேசறது கேக்குதா?" என்று இருபத்தைந்து நிமிடம் பொம்மைகளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நல்ல தண்ணீர் வரவில்லை. நாளை வரும் என்கிறார்கள்.

ஜூலை 23, செவ்வாய்

3.25 – 3.48. தண்ணீர் வந்தது.

ஜூலை 24, புதன்

3.27 – 3.52.

வேறு எந்த நேரத்திலும் போவதில்லை. காலையில் ஓடுகிறது, இரவில் ஓடுகிறது. நான் வகுப்பில் இருக்கும்போது மட்டும் போகிறது. யாரோ கடிகாரம் பார்த்துக்கொண்டு செய்வதுபோல இருக்கிறது. மாடியில் குடியிருப்பவர்கள் நம் வைஃபையைத் திருடுகிறார்களோ என்று பாஸ்வேர்டை மாற்றினேன். பயனில்லை. மாடிக்காரம்மாவைப் படியில் பார்த்தபோது நான் சிரிக்கவில்லை. அந்தம்மா பாவம்.

ராத்திரி சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். "காசை மட்டும் மாசமானா வாங்கிக்கறானுங்க. நான் ஆபீசுக்கே போயி நாலு வாங்கு வாங்கிட்டு வாறேன் சுலோ" என்றார். அப்படி ஒரு கோபம். என் வேலை விஷயத்தில் இவருக்கு இவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

ஜூலை 26, வெள்ளி

காலையில் வேலுச்சாமி அண்ணன் வந்தார். எங்கள் தெருவுக்கு இருபது வருடமாகத் தொலைபேசி லைன் பார்ப்பவர், இப்போது நெட்டும் அவர்தான். ஒயரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், என் நோட்டைப் பார்த்தார், தவளையையும் பார்த்தார்.

"லைன்ல ஒரு கோளாறும் இல்லீங்க. வீட்டுல கார்ட்லெஸ் போன் வெச்சிருக்கீங்களா?"

"இருக்கு. அதை யாரும் எடுக்கறதில்ல. ஆளுக்கொரு செல் இருக்கு."

ஹாலில் துணி உறை போட்டு மூடி வைத்திருந்ததைக் காட்டினேன். இவருடைய தம்பி அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. நம்பர் தெரிகிற திரைகூட இல்லாத பழைய மாடல். அண்ணன் அதைக் கவிழ்த்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.

"அதானே பாத்தேன். அந்த ஊரு சரக்கு. உங்க வைஃபை பேசற அதே அலைவரிசைலதான் இதும் பேசுது. ஒரு சந்துக்குள்ள எதிரும் புதிருமா ரெண்டு லாரி வந்தா என்னாகும்? பாருங்க."

பொத்தானை அழுத்திக்கொண்டு என் அறைப் பக்கம் நடந்தார். லேப்டாப்பில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. நிறுத்தினார். எழுந்துகொண்டன. மறுபடி அழுத்தினார். படுத்தன.

"கிட்ட வரவரத்தான் மோசம். ஜன்னலுக்கு வெளிய நின்னு பேசுனா நெட்டு சுத்தமா அவுட்டு."

"யாரும் பேசறதில்லீங்க அண்ணா."

"அதுவா எப்படிப் பேசுமுங்க?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "சானலை மாத்தி விட்டா சரியாப் போயிரும். அஞ்சு நிமிச வேலை. மாத்தட்டுங்களா?"

"வேண்டாம்."

"ஏனுங்க?"

"வீட்டுக்காரர்கிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்."

இருபத்திரண்டு வருடத்தில் எதற்கும் இவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

3.24 – 3.50.

ஜூலை 27, சனி

இவர் பட்டறையிலிருந்து ஒன்றரைக்கு வருவார். சாப்பாடு, ஒரு தூக்கம், நாலே காலுக்கு டீ, மறுபடி பட்டறை. கல்யாணமான நாளிலிருந்து இதுதான். அந்தத் தூக்க நேரத்தில் நான் கதவைச் சாத்திக்கொண்டு வகுப்பு எடுக்கிறேன்.

வகுப்பு முடிந்ததும் ஹாலுக்குப் போய்க் கார்ட்லெஸைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. உறையைத் தலைகீழாகப் போட்டு வைத்திருந்தார். அதில் பின்னிய மயில் நின்றுகொண்டிருக்க வேண்டும், கவிழ்ந்து கிடந்தது.

இவர் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். குறட்டை நன்றாகவே இருந்தது.

ஜூலை 28, ஞாயிறு

வகுப்பு இல்லை. நெட் போகவில்லை. மூன்றிலிருந்து நாலு வரை லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து அந்தக் கோடுகளையே பார்த்தேன். ஆடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேச முடியாத ஆள். ஞாயிறு வீட்டில் மற்றவர்கள் இருப்பார்கள். வேலைக்குப் போகிற கணவன், பள்ளிக்கூடம் போகிற குழந்தைகள்.

இதை எழுதியபின் அடித்துவிடலாம் என்று நினைத்தேன். பேனாவில் எழுதிவிட்டேன்.

ஜூலை 30, செவ்வாய்

3.25 – 3.51.

என் அறை ஜன்னலில் கீழ்க் கதவுகளைச் சாத்தி, மேல் கதவுகளை மட்டும் திறந்து வைப்பேன். வைஃபை பெட்டி உள்பக்க விளிம்பில் இருக்கிறது. இன்று துணி எடுக்கப் போனபோது வெளிப்பக்க விளிம்பில் டம்ளர் வைத்த வட்டம் பார்த்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக நிறைய வட்டங்கள். கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் செருப்புத் தடம்.

இங்கேதான் நிற்கிறார். நான் வகுப்பில்தான் இருக்கிறேனா என்று காதால் உறுதிசெய்துகொண்டு பேசுகிறார். என் குரல் கேட்கும்வரை அவருக்குப் பயமில்லை.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. இவர் பேசுகிற சத்தம் எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை. ஒன்றும் பேசாமலா ஒருவர் இருபத்தைந்து நிமிடம் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார்? அந்தப் பக்கம்தான் பேசுகிறது, இவர் கேட்கிறார். என்னிடம் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் காது கொடுத்ததில்லை.

சாயங்காலம் டீ குடிக்கும்போது, "நாளைக்கு என்ன பாடம் சுலோ?" என்றார்.

"எதுக்கு?"

"சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கிற ஆளில்லை இவர்.

ஆகஸ்ட் 1, வியாழன்

3.25 – 3.49.

இவருடைய செல்லை நான் பார்ப்பதில்லை. அந்தப் பழக்கம் எனக்கில்லை.

நேற்று பதினொரு அழைப்புகள். எல்லாம் பட்டறை, வார்ப்படக்காரர், டீக்கடை. இந்த மாதம் முழுவதுமே அப்படித்தான். சுத்தமாக வைத்திருக்கிறார். செல்லை நான் பார்க்கக்கூடும் என்று தெரிந்த ஒருவர்தான் லேண்ட்லைனை எடுப்பார்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம். இவர் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மூன்று மணிக்கு மேல் எனக்கு எதுவும் இறங்கவில்லை.

3.26 – 3.50.

கார்ட்லெஸில் ரீடயல் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. கடைசியாகப் பேசிய எண்ணுக்கு அதுவே போடும். அதை அழுத்த ஒரு விநாடி போதும். வேலுச்சாமி அண்ணன் வந்துபோய் எட்டு நாளாகிறது. நான் இன்னும் அழுத்தவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

3.25 – 3.50.

கம்பெனியிலிருந்து மெயில். ஆங்கிலத்தில் மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். பெற்றோர் இருவர் புகார் செய்திருக்கிறார்களாம். இன்னும் ஒரு முறை வகுப்பு பாதியில் நின்றால் என்னோடு தொடர முடியாதாம்.

ஐந்து நிமிட வேலை. வேலுச்சாமி அண்ணனைக் கூப்பிட்டால் முடிந்தது. ஆனால் சரிசெய்துவிட்டால் இவர் எப்போது பேசுகிறார் என்று எனக்குத் தெரியாமல் போய்விடும்.

ராத்திரி நேராகவே கேட்டேன். "ஏனுங்க, மத்தியானம் யாருக்காச்சும் போன் பண்ணுனீங்களா?"

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. "நானா? தூங்கிட்டல்ல இருந்தேன்."

"சரி."

"ஏன் சுலோ?"

"சும்மா கேட்டேன்."

நாளை வகுப்பு இல்லை, வீட்டில் அமாவாசை என்று பதில் எழுதி ஒருநாள் விடுப்பு வாங்கினேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஆடி அமாவாசை. அம்மாவுக்குப் பிடித்த அவரைக்காய்ப் பொரியல், பச்சைப்பயறு பாயசம் வைத்தேன். காக்கை உடனே வந்து எடுத்தது. அம்மா எதற்கும் காக்க வைக்க மாட்டாள்.

அப்பா இருக்கும் உடுமலையைப் பற்றி இந்த நோட்டில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். நெட் போகும் நேரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அம்மா படுத்த படுக்கையாக ஒன்றரை வருடம் கிடந்தாள். பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸம்மாவை அப்பா வைத்திருந்தார். அம்மா போய் எட்டாவது மாதம் அப்பா அந்த அம்மாளைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அவருக்கு அப்போது எழுபது. முப்பத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார். எனக்கு மூன்று வரியில் ஒரு கடிதம்.

எட்டு மாதத்தில் முளைக்கிற விஷயமா அது? அம்மா உயிரோடு இருக்கும்போதே என்று நான் முடிவுசெய்தேன். ஆதாரமும் இருந்தது. அப்பா எந்த டம்ளரில் காபி குடிப்பார் என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. அப்பா அந்த அம்மாளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அம்மாவின் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டது யார் யோசனை என்று கேட்டபோது இரண்டு பேரும் ஒன்றாக வாயைத் திறந்தார்கள். இப்படிப் பதினாறு விஷயங்கள். அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது என்று தோன்றியது.

ஐந்து வருடமாகிறது. இந்த வீட்டில் உடுமலைப் பேச்சே எடுக்கக்கூடாது என்று இவரிடம் மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். இவர் தயங்கினார். நானே இவர் கையைப் பிடித்து வைத்தேன்.

இன்று பாயசம் சாப்பிடும்போது இவர், "அத்தைக்குப் பிடிச்சதெல்லாம் வெச்சிருக்க" என்றார். பிறகு ஏதோ சொல்ல வந்து, டம்ளரைக் கழுவ எழுந்து போனார்.

மூன்று மணிக்கு மேல் நெட் போகவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

வகுப்பு நடந்தது. 3.27க்குப் போய் 3.31க்கே வந்துவிட்டது. நான்கு நிமிடம்தான். பிள்ளைகள் கம்பெனியிடம் சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அந்த நான்கு நிமிடமும் "கேக்குதா, கேக்குதா" என்று கத்திக்கொண்டிருந்தேன். தொண்டை கட்டிக்கொண்டது.

ஏன் இன்று இவ்வளவு சீக்கிரம் வைத்துவிட்டார்? சண்டையா?

ஆகஸ்ட் 8, வியாழன்

சிங்கப்பூரில் இன்றும் நாளையும் விடுமுறை. இவரிடம் நான் சொல்லவில்லை. வழக்கம்போல் மூன்று மணிக்கு அறைக் கதவைச் சாத்தும் சத்தத்தை மட்டும் உண்டாக்கிவிட்டு ஹாலுக்கு வந்தேன். இவர் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கார்ட்லெஸை எடுத்துக்கொண்டு பின்வாசல் துவைக்கிற கல்லுக்குப் போனேன்.

ரீடயல் அழுத்தினேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். பெண் குரல். நான் நினைத்ததுபோலவே பெண் குரல். ஒரு நொடி, நான் ஜெயித்துவிட்டேன் என்றுகூடத் தோன்றியது.

"சொல்லுங்க மாப்பிள்ளை. நம்பரைப் பாத்ததும் ஓடியாந்தேன். இன்னைக்கு நேரத்துலயே கூப்புட்டுட்டீங்க."

மாப்பிள்ளை.

இவரை அப்படிக் கூப்பிடும் உரிமை உள்ள வீடு உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது.

"பாப்பா க்ளாஸ் ஆரம்பிச்சாச்சுங்களா? வாத்தியாரு ரெண்டு மணியிலிருந்தே போனையே பாத்துட்டுக் கெடக்கறாரு. கஞ்சி குடிங்கன்னா வாயத் தொறக்க மாட்டீங்கறாரு. புள்ள சத்தம் காதுல விழுந்தாத்தான் அப்பறம் நாலு கரண்டி உள்ள போவுது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மாளுக்கு அது புதிதில்லை போலிருக்கிறது. பேசிக்கொண்டே போனார்.

"நேத்து நான் பாதியிலயே வெச்சுட்டனுங்க, கோவிச்சுக்காதீங்க. ஒடனே டாக்டருக்குப் போன் போடோணும்னு அவசரம். பாப்பா நடுவுல 'கேக்குதா, நான் பேசறது கேக்குதா'ன்னு கேட்டுச்சுல்லீங்க? அதுக்கு வாத்தியாரு 'ம்'முன்னாருங்க மாப்பிள்ளை. நெசமாலுமே. பக்கவாதம் வந்து நாலு மாசத்துல வாயிலிருந்து வந்த மொதச் சத்தம் அதுதானுங்க. டாக்டர்கிட்டச் சொன்னா நம்ப மாட்டீங்கறாரு. இருங்க, காதுல வெக்கறேன்."

ஏதோ உரசியது. பிறகு மூச்சு. ஒரு பக்கம் மட்டும் சீட்டியடிக்கிற மூச்சு. சாக்பீஸ் தூளால் வந்தது என்று அம்மா எப்போதும் சொல்லுவாள். எனக்கு அந்த மூச்சு தெரியும்.

நிறுத்திவிட்டேன்.

கார்ட்லெஸை அதன் இடத்தில் வைத்து, மயிலைச் சரியாக நிறுத்தி, என் அறையில் போய் உட்கார்ந்தேன். 3.25க்குச் செருப்புச் சத்தம் வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றது. கோடுகள் படுத்தன. டம்ளரை விளிம்பில் வைக்கும் சத்தம். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இவர் குரல், ரகசியமாக: "இன்னைக்குச் சத்தமே காணமுங்க மாமா. லீவோ என்னமோ. நாளைக்குக் கேக்கலாமுங்க."

நான் நாற்காலியில்தான் இருந்தேன். இரண்டடி தூரம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

தோசைக்கு அரைத்தேன். பருத்திப் புடவைகளுக்குக் கஞ்சி போட்டேன். மாடிக்காரம்மாவுக்குக் கொஞ்சம் மாவு கொடுத்தேன். அந்தம்மா ஆச்சரியப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமையும் அமாவாசையன்றும் ஏன் போன் இல்லை என்று இப்போது தெரிகிறது. வகுப்பு இல்லை, அவ்வளவுதான். நான் எவ்வளவு நன்றாக யோசித்திருக்கிறேன்.

அந்தப் பதினாறு விஷயங்களையும் காலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பியதால் அம்மா கடைசி மாதங்களில் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது என் பட்டியலில் இல்லை.

வேலுச்சாமி அண்ணனுக்குப் போன் செய்து சானலை மாற்ற வரச்சொன்னேன். ஊட்டியில் மகள் வீட்டில் இருக்கிறாராம். "திங்கக்கெழம மொத வேலை உங்க வீடுதானுங்க. வீட்டுக்காரரு சரின்னுட்டாருங்களா?" என்றார்.

இன்று 3.25க்கு இவர் மறுபடி வந்து நின்றார். நான் மறுபடி பேசவில்லை. "நாளைக்குங்க மாமா" என்றார்.

ஆகஸ்ட் 10, சனி

காலையில் இவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இன்று ஒருநாள் வேண்டாங்க, திங்கட்கிழமையிலிருந்து பேசுங்க, வேலை போய்விடும் என்று. மூன்று முறை வாயெடுத்தேன். இவர் சவரம் செய்யும்போது ஒருமுறை, வண்டியைத் துடைக்கும்போது ஒருமுறை, சாப்பாட்டில் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் இரண்டு நாளாகக் கஞ்சி இறங்கியிருக்காது என்றுதான் நினைப்பு வந்தது.

மூன்றுக்கு வகுப்பு. விகிதம். நான்கு பேரும் வந்திருந்தார்கள். விடுமுறையில் பட்டாசு பார்த்த கதையைச் சொன்னார்கள்.

3.25க்குச் செருப்புச் சத்தம். டம்ளர். கோடுகள் படுத்தன. நான்கு முகங்களும் நின்றன. பையன் ஒருவன் கையைத் தூக்கியபடி இருந்தான், ஏதோ சந்தேகம் கேட்க.

நான் எதையும் அணைத்துப் போடவில்லை. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

"கேக்குதா?" என்றேன். மறுபடி சொன்னேன். "நான் பேசறது கேக்குதாங்கப்பா?"

வெளியே டம்ளர் உருண்டு விழுந்தது.

பாடத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். மூன்றுக்கு ஐந்து என்றால் என்ன, பன்னிரண்டுக்கு இருபது என்றால் என்ன, இரண்டும் ஒன்றுதான் என்று எப்படித் தெரியும். ஒரு கணக்கை வேண்டுமென்றே தப்பாகப் போட்டு, பிறகு திருத்தினேன். அவர் வகுப்பில் அப்படித்தான் செய்வார். யாராவது கண்டுபிடிக்கிறார்களா என்று பார்ப்பார்.

பாடம் முடிந்ததும் ஜன்னலின் கீழ்க் கதவுகளைத் திறந்தேன். இவர் கறிவேப்பிலைச் செடியோடு ஒட்டிக்கொண்டு நின்றார். கார்ட்லெஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வேட்டியெல்லாம் நனைந்திருந்தது.

"சத்தியத்தை மீறலை சுலோ. நான் உங்கிட்ட உடுமலைப் பேச்சே எடுக்கலை" என்றார்.

"தெரியும். கஞ்சில சீரகம் வறுத்துப் போடறாங்களான்னு கேளுங்க. வெறுங்கஞ்சி அவருக்கு எறங்காது."

இவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டினார். "நீயே துளசிமணியம்மாகிட்டக் கேளு."

3.25க்குப் போனது. 4.40க்குத்தான் வந்தது. புகார் இல்லை.